மைனஸ் போடுவதா, குறியைத் திருப்புவதா?

கேள்வி: டர்பனில் கிரேட் 9 படிக்கும் என் மகள், (-4, 7) என்ற புள்ளியை எக்ஸ் அச்சில் பிரதிபலிக்கச் சொன்னால் (4, 7) என்று எழுதுகிறாள். எந்தக் குறி மாறும் என்பதில் எப்போதும் குழப்பம். எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
– சாட்ஸ்வொர்த் வாசகி

பதில்: ‘எக்ஸ் அச்சு’ என்று கேட்டதும் எக்ஸில் கைவைப்பதுதான் இதில் அதிகம் நடக்கும் பிழை. எக்ஸ் அச்சு படுத்துக்கிடக்கும் கோடு. அதைக் கண்ணாடியாக வைத்தால் மேலே இருப்பது கீழே போகும். இடம் வலம் மாறாது. மேல் கீழைச் சொல்வது வை (y), அதாவது இரண்டாவது எண். 7 அலகு மேலே இருந்தது 7 அலகு கீழே போகிறது: (-4, -7). எந்த அச்சின் பெயர் வருகிறதோ அந்த எண்ணைத் தொடக்கூடாது. வை அச்சில் என்றால் (4, 7). ஆதிப்புள்ளி, அதாவது அச்சுகள் வெட்டும் (0, 0), வழியாக என்றால் இரண்டும் மாறி (4, -7).

ஒரு அட்லஸை எடுத்துக்கொள்ளுங்கள். நிலநடுக்கோடு எக்ஸ் அச்சு, கிரீன்விச் கோடு வை அச்சு. டர்பன் ஏறக்குறைய கிழக்கே 31 பாகை, தெற்கே 30 பாகை; அதாவது (31, -30). எக்ஸ் அச்சில் பிரதிபலித்தால் (31, 30). அங்கே விரல் வைத்தால் கெய்ரோ! வை அச்சில் செய்தால் (-31, -30), தென் அட்லாண்டிக் கடல். ஆதிப்புள்ளி வழியாக (-31, 30), வட அட்லாண்டிக். (வரைபடத்தில் அட்சரேகையை முதலில் சொல்வது வழக்கம், இங்கே தீர்க்கரேகைதான் எக்ஸ். இது தட்டையான தாள் கணக்கு என்பதால், உருண்டையின் நேர் மறுபக்கத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். டர்பனுக்கு அது பசிபிக் கடலில் இருக்கிறது.)

அடுத்த சிக்கல், எக்ஸ் அச்சுக்கான ‘(எக்ஸ், வை) என்பது (எக்ஸ், -வை) ஆகும்’ என்ற விதியில் வரும் ‘-வை’ என்பதைப் பார்த்து எல்லாவற்றுக்கும் மைனஸ் ஒட்டுவது. அது மைனஸ் போடு என்பதல்ல, இருக்கும் குறியைத் திருப்பு என்பது. (-4, -7)-ஐ எக்ஸ் அச்சில் பிரதிபலித்தால் வை பிளஸாகிவிடும்: (-4, 7). பூச்சியத்துக்குத் திருப்ப ஒன்றுமில்லை. (5, 0) எக்ஸ் அச்சின் மேலேயே இருப்பதால் நகராது.

விடையைச் சரிபார்க்க, பழைய புள்ளியையும் புதியதையும் கூட்டிப் பார்க்கட்டும். எக்ஸ் அச்சு என்றால் வை இரண்டும் கூடிப் பூச்சியம் வரவேண்டும், எக்ஸ் இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும். ஆதிப்புள்ளி என்றால் இரண்டு கூட்டலும் பூச்சியம். முக்கோணமாக இருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு: ஏ, பி, சி கடிகாரச் சுற்றில் இருந்தால், அச்சில் பிரதிபலித்தபின் எதிர்ச்சுற்றில் வரும். ஆதிப்புள்ளி வழியாகச் செய்தால் சுற்று மாறாது, ஏனென்றால் அது 180 பாகை திருப்பியதற்குச் சமம்.

கிரேட் 9-இல் வை = எக்ஸ் கோடும் வரும். அங்கே குறி வேலையே இல்லை, எண்கள் இடம் மாறும்: (-4, 7) என்பது (7, -4). எக்ஸ் = 3 போன்ற கோட்டுக்கும் மேலே சொன்ன குறி விதி செல்லாது. தூரத்தை எண்ணவேண்டும்: -4-இலிருந்து 3-க்கு 7 அலகு, அங்கிருந்து இன்னும் 7 போனால் 10. விடை (10, 7).