கயாக்கில் இழுக்க எந்தப் பொய் இரை வாங்கலாம்?

கேள்வி: கோவளம் பக்கம் கயாக்கில் (ஒருவர் உட்கார்ந்து போகும் சிறு துடுப்புப் படகு) துடுப்புப் போட்டபடியே தூண்டிலைப் பின்னால் இழுத்துப் போகிறேன். வஞ்சிரம், சீலா கிடைக்கும் என்று, படகுக்காரர்கள் இழுக்கும் குஞ்சம் வைத்த பெரிய பொய் இரையை வாங்கினேன். ஒரு மீன்கூடக் கடிக்கவில்லை. இணையத்தில் 30 இரை கொண்ட பெட்டி 999 ரூபாய்க்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். குஞ்ச இரை மேல் குற்றமில்லை, வேகம்தான் பொருந்தவில்லை. அது மணிக்கு 12 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் படகுக்கானது. துடுப்புப் போட்டு நாலைந்து கிலோமீட்டர் வேகம் வந்தாலே பெரிது. அதில் குஞ்சம் ஈரத்துணி மாதிரி தொங்கிக்கொண்டுதான் வரும்.

முகத்தில் பிளாஸ்டிக் நாக்கு உள்ள மீன் வடிவ இரையைக் கேளுங்கள். மெதுவாக இழுத்தாலும் நாக்கில் தண்ணீர் மோதி உடல் துடிக்கும். நீள நாக்கு ஆழமாக இறங்கும், ஆனால் அந்தப் பாரத்தை இழுப்பது உங்கள் தோள். பத்து சென்டிமீட்டர் நீளம், இரண்டு மூன்று மீட்டர் இறங்கும் ரகம் போதும்.

மலிவுப் பெட்டிகளில் பெரும்பாலும் கோட்டை விடுவது தூண்டில் முள்ளிலும் அதை இரையில் மாட்டும் வளையத்திலும்தான். நகத்தால் நெம்பியதும் வளையம் வாயைத் திறந்தால் அப்படியே வைத்துவிடுங்கள், வஞ்சிரத்தின் முதல் ஓட்டத்துக்கே தாங்காது. அதே காசுக்கு உருப்படியாக ஒன்றிரண்டு வாங்கலாம். மும்முள்ளைக் கழற்றி ஒற்றை முள் மாட்டுவது நல்லது. துள்ளும் மீன் விழப்போவது உங்கள் மடியில். நரம்பு (தூண்டில் நூல்) நுனியில் ஒரு சாண் எஃகுக் கம்பி கட்டாயம். இந்த இரண்டு மீனின் பல்லுக்கும் நரம்பு நிற்காது.

முதலில் கயாக் ஓரமாகவே விட்டு இழுத்துப் பாருங்கள். இடப்பக்கம் ஓடினால், நரம்பு கட்டும் மூக்கு வளையத்தைக் குறட்டால் வலப்பக்கம் துளி வளைத்தால் நேராகும். அப்புறம் தூண்டில் கம்பு நுனியைக் கவனியுங்கள். துடிப்பு நின்றால் பாசியோ பிளாஸ்டிக் பையோ மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். நம் கடற்கரையில் பைதான் அதிகம்.

கேள்வி: மத்தியையே கட்டி இழுத்தால் செலவு குறையுமே?

பதில்: தாராளமாக. ஐஸில் ஊறிக் குழைந்த மத்தி வேண்டாம், விறைப்பாக இருப்பதை வாங்கி உப்பில் கொஞ்ச நேரம் வையுங்கள். வாயை நூலால் இறுக்கிக் கட்டுங்கள். திறந்த வாயில் தண்ணீர் புகுந்தால் மீன் சுழலும், நரம்பும் முறுக்கிக்கொள்ளும். நரம்பு முறுக்காமல் இருக்க இடையில் மாட்டும் சுழல் இணைப்பான நல்ல சுவிவல் ஒன்றும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.