செல்லுக்கு உள்ளேயா, வெளியேயா? ஸ்ட்ரெஸ் புரதங்கள் பற்றிச் சில கேள்விகள்

ஸ்ட்ரெஸ் புரதம் என்கிறார்களே, மன அழுத்தம் இருந்தால் உடம்பில் கூடுவதா?

பெயர் செய்யும் குழப்பம் இது. இங்கே அழுத்தம் மனதுக்கு இல்லை, செல்லுக்கு. அதிகச் சூடு, ஆக்சிஜன் பற்றாக்குறை, நச்சு உலோகம், வைரஸ் என எது தாக்கினாலும் செல் இந்தப் புரதங்களை அவசரமாகத் தயாரிக்கும்.

கண்டுபிடிப்பே ஒரு தற்செயல்தான். இத்தாலியில் ஃபெரூச்சியோ ரிட்டோசா என்ற மரபியல் ஆய்வாளர் பழ ஈ லார்வாவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் குரோமோசோம்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். கூட வேலை பார்த்த யாரோ இன்குபேட்டரின் சூட்டை ஏற்றிவிட, குரோமோசோம்களில் வழக்கமில்லாத இடங்கள் உப்பியிருந்தன. அதாவது, அங்கே உள்ள மரபணுக்கள் விழித்துக்கொண்டு வேலை செய்தன. அவர் கட்டுரை வெளிவந்தது 1962இல். அந்த மரபணுக்கள் தயாரிக்கும் புரதங்களைப் பிடிக்க 1974 ஆகிவிட்டது. வெப்ப அதிர்ச்சிப் புரதம் என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து எச்.எஸ்.பி. என்பார்கள். எச்.எஸ்.பி. 70 என்றால் எடை சுமார் 70 கிலோடால்டன் (மூலக்கூறுகளை எடைபோடும் அலகு), அவ்வளவுதான்.

வேலை என்ன? முட்டையை வேகவைத்தால் வெள்ளைக்கரு கட்டியாகிறதே, அது புரதங்கள் மடிப்புக் குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால். செல்லுக்குள் அந்த நிலை வராமல், குலைந்த புரதத்தைப் பிடித்து மறுபடி ஒழுங்காக மடிய விடுவது இவற்றின் பொறுப்பு.

செல்லைக் காப்பாற்றும் புரதத்துக்கும் நோய் எதிர்ப்பு சக்திக்கும் என்ன சம்பந்தம்? இதை வைத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி செய்ததாகப் படித்தேன்.

நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உள்ளே இருக்கும்வரை இது உதவியாள். செல் சிதைந்து புரதம் வெளியே கொட்டிவிட்டால் கதை வேறு. உள்ளே இருந்தபோது பிடித்துக்கொண்டிருந்த புரதத் துணுக்குகளையும் கையோடு எடுத்துக்கொண்டு வருகிறது. உடம்பின் காவல்காரர்களான டென்ட்ரிட்டிக் செல்கள், தங்கள் மேற்பரப்பில் இருக்கும் சி.டி. 91 போன்ற ஏற்பிகள் வழியாக அதை உள்வாங்கி, துணுக்கைத் தங்கள் மேற்பரப்பில் வைத்து, தாக்கும் வேலையைச் செய்யும் டி செல்களுக்குக் காட்டும்: ‘இதைத் தேடு.’

நோயெதிர்ப்பு ஆய்வாளர் பிரமோத் ஸ்ரீவஸ்தவாவும் உடன் பணியாற்றியவர்களும் வளர்த்தெடுத்த யோசனை இதுதான். நோயாளியின் கட்டியிலிருந்தே ஜி.பி. 96 என்ற ஸ்ட்ரெஸ் புரதத்தைப் பிரித்தெடுத்தால், அந்தக் கட்டிக்கே உரிய துணுக்குகளும் அதோடு ஒட்டி வரும். அதை அவருக்கே ஊசியாகப் போடலாம். ஆளுக்கு ஒரு தடுப்பூசி! வைடெஸ்பென் என்று பெயர். சிறுநீரகப் புற்றுநோய்க்கு 2008இல் ரஷ்யா அனுமதி தந்தது. ஆனால் 800 பேருக்கு மேல் பங்கேற்ற மூன்றாம் கட்டச் சோதனையில், நோய் திரும்புவதை ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. யோசனை அழகானது, ஆனால் மருத்துவத்தில் அது மட்டும் போதாது.

எதிர்த் திசையிலும் ஒரு வழி உண்டு. புற்றுநோய்ச் செல்லும் தன்னைக் காத்துக்கொள்ள இதே வகைப் புரதமான எச்.எஸ்.பி. 90ஐத்தான் நம்பியிருக்கிறது. அதை முடக்கும் பிமிடெஸ்பிப் என்ற மாத்திரைக்கு, இரைப்பை குடல் பகுதியில் வரும் ஒரு வகைக் கட்டிக்காக, 2022இல் ஜப்பான் அனுமதி அளித்தது.

நான் ஆராய்ச்சி மாணவி. பாக்டீரியாவில் தயாரித்த எச்.எஸ்.பி. 70ஐ மேக்ரோஃபேஜ் செல்களில் (கிருமிகளை விழுங்கும் எதிர்ப்புச் செல்கள்) சேர்த்தேன். அவை சுரக்கும் டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதம் அபாரமாக ஏறியது. எழுதிவிடலாமா?

பொறுங்கள். இதில் சறுக்காதவர்கள் குறைவு, என்னையும் சேர்த்துத்தான். ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்த புரதத்தோடு அந்த பாக்டீரியாவின் மேலுறையில் இருக்கும் எண்டோடாக்சின் என்ற நச்சுப்பொருளும் ஒட்டிக்கொண்டே வரும். மேக்ரோஃபேஜைக் கிளப்பிவிட அது துளியளவு போதும். இந்தப் புரதங்களே எதிர்ப்புச் செல்களை நேரடியாகத் தூண்டுகின்றன என்று முதலில் வந்த பல முடிவுகள், எண்டோடாக்சினை நன்றாக நீக்கியதும் ஆட்டம் கண்டன.

ஒரு எளிய சோதனை: மாதிரியில் பாதியைக் கொதிக்க வையுங்கள். புரதம் கெட்டுவிடும், எண்டோடாக்சின் அசையாது. கொதித்த பிறகும் டி.என்.எஃப். அதே உயரத்துக்கு ஏறினால் தூண்டியது உங்கள் புரதம் இல்லை. அப்புறம், எண்டோடாக்சினைக் கட்டிப்போடும் பாலிமிக்சின் பி சேர்த்து ஒரு முறை பாருங்கள். இரண்டையும் தாண்டி வந்தால் எழுத ஆரம்பிக்கலாம்.

ஃப்ளோ சைட்டோமீட்டரில் கட்டிச் செல்களின் மேற்பரப்பில் எச்.எஸ்.பி. 70 தெரிகிறது. நம்பலாமா?

செத்த செல்களை விலக்கினீர்களா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

இந்தக் கருவியில் செல்கள் ஒவ்வொன்றாக வரிசையில் லேசர் ஒளியைக் கடக்கும். நேரே சிதறும் ஒளி செல் எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லும், பக்கவாட்டில் சிதறுவது உள்ளே எவ்வளவு மணல்மணலாக இருக்கிறது என்பதைச் சொல்லும், குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியில் ஒட்டிய சாயம் எந்தப் புரதம் என்பதைச் சொல்லும். எச்.ஐ.வி. நோயாளியின் சி.டி. 4 (ஒரு வகை டி செல்) எண்ணிக்கை 200க்குக் கீழே போய்விட்டதா என்று பார்ப்பதும் இதே முறையில்தான். செத்த செல்லின் சவ்வு ஓட்டையாக இருப்பதால் ஆன்டிபாடி உள்ளே நுழைந்து, அங்கே குவிந்திருக்கும் எச்.எஸ்.பி. 70இல் ஒட்டிக்கொள்ளும். கருவிக்கு உள், வெளி தெரியாது, பளிச்சென்று காட்டிவிடும். புரோப்பிடியம் அயோடைடு என்ற சாயம் உயிருள்ள செல்லுக்குள் போகாது, செத்ததைச் சிவப்பாக்கும். அந்தச் சிவப்புக் கூட்டத்தை வெட்டிவிட்டு மீதியைப் பாருங்கள். செல்களைத் தட்டிலிருந்து டிரிப்சின் என்ற புரதம் வெட்டும் நொதியால் பெயர்த்திருந்தால் நேர்மாறான சிக்கல்: மேற்பரப்புப் புரதங்களை அது மழித்துவிடக்கூடும்.

சாயமே போடாமல் செல்களைக் கண்காணிக்க முடியுமா?

முடியும். தங்க மின்முனை பதித்த தட்டில் செல்களை வளர்த்து, மிகச் சிறிய மாறுமின்னோட்டம் செலுத்துவார்கள். செல் ஒட்டிப் பரவினால் மின்மறுப்பு, அதாவது மின்னோட்டத்துக்கு எழும் தடை, ஏறும், சுருங்கினால் இறங்கும். ஐவர் ஜியாவரும் சார்லஸ் கீஸும் 1980களில் கொண்டுவந்த முறை. நாள்கணக்கில் விடாமல் பதியலாம் என்பது பெரிய வசதி. செல் ஏன் சுருங்கியது என்று மட்டும் சொல்லாது.

இயற்கையில் இருக்கும் புரதத்துக்குக் காப்புரிமை கேட்கிறார்களே, நியாயமா?

நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. உடம்பில் இருந்து பிரித்தெடுத்தாலே மரபணு கண்டுபிடிப்பு ஆகிவிடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013இல் சொல்லிவிட்டது. அதனால் விண்ணப்பங்களில் புரதத்தைவிட அதைப் பிரிக்கும் முறை, எதோடு சேர்த்து ஊசியாக்குகிறார்கள், எப்படி அளக்கிறார்கள் என்பவற்றைப் படியுங்கள். என் கண் முதலில் போவது அளவிடும் முறைக்கு. அதில் எண்டோடாக்சின் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால், மீதிப் பக்கங்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் புரட்டுவேன்.

ரத்தத்தில் எச்.எஸ்.பி. 70 அளவு பார்த்துக்கொள்ளட்டுமா?

வேண்டாம். கடுமையாக உடற்பயிற்சி செய்தாலே அது ஏறும்.