ஸ்கோர் ஷீட்டை எடுத்துப் பாருங்கள்

அன்புள்ள அண்ணா,

போன ஞாயிறு ஒரு சதுரங்க ரேட்டிங் போட்டியின் கடைசிச் சுற்று. எதிரே ஒன்பது வயதுப் பையன். எனக்கு ஒரு யானை கூடுதல். அவன் குதிரையால் செக் வைத்து ராணியைப் பிடித்துவிட்டான். அன்றிரவே எஞ்சினில், அதாவது ஆட்டத்தை அலசும் கணினி நிரலில், போட்டுப் பார்த்தேன். அந்தத் தவறுக்கு முன் பிளஸ் ஏழு, எனக்கு உறுதியான வெற்றி நிலை என்று காட்டியது. நான்கு நாளாகத் தூக்கமில்லை. 27 வயதில் இதெல்லாம் தேவையா, விட்டுவிடலாமா என்றிருக்கிறது. நீங்கள் பல வருடம் ஆடியவர். எப்படித் தாங்கினீர்கள்?

ஒரு வாசகர், கரூர்

அன்புள்ள தம்பி,

மோசமாக ஆடித் தோற்றால் பேருந்து ஏறுவதற்குள் மறந்துவிடும். ஜெயித்த ஆட்டத்தைத் தோற்றால்தான் ராத்திரி விட்டத்தில் பலகை தெரியும். சீட்டு சரியாக விழவில்லை, அம்பயர் தப்பாகக் கொடுத்தார் என்று சொல்லிக்கொள்ள சதுரங்கத்தில் வழியே இல்லை. அதனால் இந்த வலியில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

2022 ஆகஸ்டில் மாமல்லபுரம் சதுரங்க ஒலிம்பியாட்டின் பத்தாவது சுற்றை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் எட்டு ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்திருந்த குகேஷ், உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவுக்கு எதிராக நல்ல வெற்றி நிலையில் இருந்தார். கடிகாரத்தில் நேரம் கரைந்துகொண்டிருந்த வேளையில் ஆட்டம் கை நழுவியது. அவர் ஆடிய இந்திய பி அணி 2-2 என்று உஸ்பெகிஸ்தானோடு சமன். கடைசியில் தங்கம் அவர்களுக்கு, நம் பையன்களுக்கு வெண்கலம். அந்த 16 வயதுப் பையன் தலையைக் கையில் புதைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைத்தது. மறுநாள் கடைசிச் சுற்று. வந்து உட்கார்ந்தார்.

2024 ஏப்ரலில், உலக சாம்பியனோடு மோதப்போவது யார் என்று முடிவு செய்யும் டொரன்டோ கேண்டிடேட்ஸ் போட்டியின் ஏழாவது சுற்றில் பிரான்ஸின் ஃபிரூஜாவிடமும் குகேஷ் தோற்றார். அடுத்த நாள் ஓய்வு. இந்தப் போட்டி தன்னுடையது என்று அந்தத் தோல்விக்குப் பிறகுதான் தோன்றியதாகப் பின்னால் சொன்னார். மீதி ஏழு ஆட்டத்தில் ஐந்து புள்ளி எடுத்து முதலிடம்.

நீங்கள் அந்த ஓய்வு நாளை உங்களுக்குக் கொடுக்கவில்லை. அன்றிரவே எஞ்சினைத் திறந்தது தப்பு. காயத்தின் மேல் உப்பை நாமே எடுத்துத் தடவிக்கொள்வது அது.

என் 19 வயதில், கோப்பைக்கு அரைப் புள்ளி போதும் என்ற ஆட்டத்தைத் தோற்றேன். ஒரு வாரம் பலகைப் பக்கமே போகவில்லை. அப்புறம், ஆடும்போதே ஒவ்வொரு நகர்த்தலையும் கையால் எழுதும் ஸ்கோர் ஷீட்டின் கார்பன் நகலை எடுத்தேன். 31வது நகர்த்தல் வரை பொடி எழுத்து, கட்டத்துக்குள் ஒழுங்காக அடங்கியிருந்தது. 32இலிருந்து எழுத்து பெருத்து, சாய்ந்து, கோட்டைத் தாண்டி ஓடியிருந்தது. தவறு நடந்தது 38இல். அதற்கு ஆறு நகர்த்தல் முன்பே நான் பலகையை விட்டு எழுந்துவிட்டேன், தம்பி. உடம்பு மட்டும் நாற்காலியில் இருந்தது, மனசு கோப்பையோடு வீட்டு வாசலில் நின்றது. எஞ்சின் 38ஐ மட்டும்தான் சிவப்பில் காட்டும்.

அன்றிலிருந்து காய் கூடுதலாகக் கிடைத்த உடனே எழுந்து போய் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். திரும்பி வந்து, எதிராளியின் ஒவ்வொரு காயும் எந்தக் கட்டத்தைத் தாக்குகிறது என்று முதலிலிருந்து எண்ணுவேன். பிறகும் தோற்றிருக்கிறேன், ஆனால் அந்த மாதிரி இல்லை.

விடுவதா வேண்டாமா என்பதை இந்த வாரம் முடிவு செய்யாதீர்கள். இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளை எடுத்து வெளிச்சத்தில் வையுங்கள். உங்கள் கையெழுத்து எந்த நகர்த்தலில் மாறியது என்று எனக்கு எழுதுங்கள்.