35 சதவீதம் எப்போது 19 ஆகிறது?

கேள்வி: பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற நாங்கள் நால்வர், மழைக்கால மாலைகளில் புளியங்கொட்டை வைத்துப் போக்கர் ஆடுகிறோம். ஆளுக்குக் கையில் இரண்டு சீட்டு; எல்லோருக்கும் பொதுவாக மேசையில் முதலில் மூன்று, பிறகு ஒவ்வொன்றாக இரண்டு. கையில் இரண்டு இஸ்பேடு, மேசையில் உள்ள மூன்று சீட்டில் இரண்டு இஸ்பேடு என்றால், ஃபிளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) சேர 35 சதவீத வாய்ப்பாம். அதை நம்பிக் கட்டி, கொட்டை கரைந்ததுதான் மிச்சம். தவறு எங்கே?
- ஓய்வு பெற்ற சுபேதார், வெலிங்டன்

பதில்: பட்டாளத்தில் 'அப்ரிசியேஷன்' என்ற நிலைமை ஆய்வை எழுதும் வரிசை உங்களுக்குத் தெரியும்: நோக்கம், நிலவரம், இருக்கும் வழிகள், திட்டம். உங்கள் பிசகு நிலவரத்தில்.

35 சதவீதம் என்பது நான்காவது, ஐந்தாவது சீட்டு இரண்டையும் பார்த்தால்தான். நீங்கள் கட்டுவதோ நான்காவதுக்கு மட்டும். கண்ணில் படாத சீட்டு 47. அதில் இஸ்பேடு 9. ஆக 19 சதவீதம். ஐந்தாவதுக்கு எதிராளி மறுபடி விலை கேட்பார்.

நடுவில் 60 கொட்டை; எதிராளி 30 போடுகிறார் என்று வையுங்கள். இதே நிலை 47 தடவை வந்தால், 9 தடவை 90 வீதம் 810 வரவு. 38 தடவை 30 வீதம் 1,140 செலவு. தடவைக்கு 7 கொட்டை நஷ்டம். இஸ்பேடு விழுந்தபின் அவரிடம் இன்னும் 37 கொட்டையாவது கறக்கலாம் என்றால் மட்டுமே தொடருங்கள். மேசையில் மூன்றாவது இஸ்பேடைக் கண்டதும் விவரமானவர் அடங்கிவிடுவார் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அந்த 30 அவருடைய கடைசிக் கொட்டை என்றால் நிலவரமே வேறு. இரண்டு சீட்டும் ஒரே விலைக்குக் கிடைக்கின்றன. 30 போட்டு மொத்தம் 120க்கு ஆடுவதால் தேவை 25 சதவீதம், உங்களிடம் 35. தயங்காமல் போடுங்கள்.

ஒன்பது இஸ்பேடும் உங்கள் பக்கம் என்றும் நம்பாதீர்கள். கையில் இஸ்பேடு 8, 6. மேசையில் ஆர்ட்டின் ராஜா, இஸ்பேடு 9, இஸ்பேடு 4. இஸ்பேடு ராஜா விழுந்தால் உங்களுக்கு ஃபிளஷ்தான். ஆனால் எதிராளியிடம் ராஜாவும் 9ம் இருந்தால், அதே சீட்டு அவருக்கு ஃபுல் ஹவுஸ் (மூன்று ராஜா, இரண்டு 9); அது ஃபிளஷை வெல்லும். அவரிடமும் இரண்டு இஸ்பேடு இருந்து, அதில் ஒன்று ஏஸ் என்றால் உங்கள் ஃபிளஷ் சிறியது.

இன்னொரு வழி, அவர் போட்டதற்கு மேல் ஏற்றிக் கேட்பது. அவர் சீட்டைப் போட்டுவிட்டு விலகினாலும் வெற்றி, இஸ்பேடு விழுந்தாலும் வெற்றி. கடைசியாகப் பேசும் இடத்தில் உட்கார்ந்திருந்தால் இது நன்றாகப் பலிக்கும். மற்றவர்களின் நடமாட்டத்தை வேவு பார்த்தபின் நகர்வது போல. எதற்கும் விலகாதவரிடம் மட்டும் செய்யாதீர்கள், கொட்டைதான் வீண்.

கேள்வி: இதையே செல்போனில் பணம் கட்டி ஆடலாமா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: வேண்டாம். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நடத்துவதை 2025ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்கிறது.