ஆணுறை அணிந்தும் தொற்று வருவது ஏன்?

கேள்வி: எனக்கு 29 வயது, மணமாகாதவன். பால்வினை நோய் மருத்துவமனையில் கொனோரியா என்று சொல்லி ஊசி போட்டார்கள். பெரும்பாலும் ஆணுறை அணிகிறேன் என்று கூறியும் மருத்துவர் துருவித் துருவிக் கேட்டார். அவர் என்னை நம்பவில்லையா? எனக்கு எப்படித் தொற்றியது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அவநம்பிக்கையால் கேட்டிருக்க மாட்டார். இத்தகைய மருத்துவமனைகளுக்கு வருவோரில் பலர் ஆணுறையை அறவே ஒதுக்குபவர்கள் அல்லர். புதியவரிடம் அணிந்து, பழகியவரிடம் விட்டுவிடுபவர்கள். இருவரும் பரிசோதனை செய்துகொண்ட பிறகு விட்டால் பிழையில்லை. ஆனால் பலர் நெருக்கம் கூடியதையே பரிசோதனையாக எடுத்துக்கொள்கிறார்கள். கொனோரியா, குறிப்பாகப் பெண்களிடமும் தொண்டையிலும், அறிகுறி எதுவும் காட்டாமல் இருக்கக்கூடும் என்பதால், உங்களுக்குத் தொற்றைத் தந்தவருக்கே அது தெரியாமல் இருந்திருக்கலாம்.

எப்போதும் அணிந்தேன் என்பவர்களிடமும் எப்போது அணிந்தீர்கள், எப்போது கழற்றினீர்கள் என்று கேட்டால் விஷயம் வெளியே வரும். உறவின் நடுவில் அணிவதும் முடியும் முன்பே கழற்றுவதும் அணியாததற்குச் சமம். நுனியிலுள்ள காற்றைப் பிழிந்துவிட்டு, தொடக்கத்திலேயே அடிவரை உருட்டி அணிந்து, விந்து வெளியேறியதும் விறைப்பு தளர்வதற்குள் அடிப்பகுதியைப் பிடித்தபடி விலக வேண்டும். எண்ணெயும் வாஸ்லினும் லேடெக்ஸ் உறையைச் சில நிமிடங்களிலேயே பலவீனப்படுத்திவிடும். நீர் சார்ந்த மசகே ஏற்றது. வாய்வழி உறவில் ஆணுறையை யாரும் நினைப்பதே இல்லை; கொனோரியா அந்த வழியாகவும் பரவும்.

சிகிச்சை முடிந்து 7 நாட்கள் வரை உறவு வேண்டாம். கடந்த 60 நாட்களில் உறவு கொண்டவர்களுக்குத் தகவல் சொல்லுங்கள். சங்கடமான வேலைதான், ஆனால் அவர்கள் சிகிச்சை பெறாவிட்டால் அதே தொற்று உங்களிடமே திரும்பி வரும். 3 மாதம் கழித்து மறுபரிசோதனை அவசியம். சிபிலிஸ், எச்.ஐ.வி. பரிசோதனைகளையும் கேட்டுப் பெறுங்கள், எச்.ஐ.வி. ஆய்வகப் பரிசோதனையின் முடிவு உறுதியாக, தொற்று ஆபத்துள்ள உறவு நடந்து சுமார் 45 நாட்கள் கடந்திருக்க வேண்டும். இனி எப்போதாவது எச்.ஐ.வி. ஆபத்துள்ள உறவில் உறை கிழிந்தால், 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாட்கள் உட்கொள்ள வழியுண்டு. எவ்வளவு விரைவில் தொடங்குகிறீர்களோ அவ்வளவு நல்லது.