கண்ணை மூடி எழுதிய காகிதங்கள்

வணக்கம் ஐயா,

வட அமெரிக்காவில் பிரெஞ்சுக்காரர்கள் நடத்திய நாடுகாண் பயணங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில், வரலாற்றாசிரியர் பிரான்சிஸ் பார்க்மனின் சொந்தக் காகிதங்கள் பாஸ்டனில் இருப்பதாக ஒரு வரி மட்டும் எழுதியிருந்தீர்கள். நான் வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். “அச்சில் புத்தகம் இருக்கும்போது குறிப்பும் நகலும் எதற்கு? அதெல்லாம் பிழிந்த கரும்புச் சக்கை” என்கிறார் என் நெறியாளர். எனக்கு ஒப்பவில்லை, ஆனால் மறுத்துப் பேசவும் தெரியவில்லை. பார்க்மனுக்குக் கண் பார்வை மோசம் என்று படித்தேன். அவர் இவ்வளவு காகிதம் சேர்த்தது எப்படி? பூர்வகுடி மக்களைப் பற்றி அவர் எழுதுவதும் எனக்குக் கசக்கிறது. அவருடைய தாள்களைக் கட்டிக் காப்பதில் என்ன பயன்? படிப்பதென்றால் எங்கே தொடங்கலாம்?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

உங்கள் நெறியாளருக்கு பார்க்மனே பதில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வட அமெரிக்காவில் பிரான்சும் இங்கிலாந்தும் மோதிய கதையை அவர் ஏழு நூல்களாக எழுதினார். முதல் நூல் 1865-ல் வந்தது, கடைசி நூல் 1892-ல். அந்தக் கடைசி நூலின் முன்னுரையில் ஒரு செய்தி சொல்கிறார். இந்த வரிசைக்காகத் தான் சேர்த்த கையெழுத்து ஆவணங்கள் சுமார் 70 தொகுதிகள். பெரும்பாலும் பெரிய அளவுத் தாள்கள். அவற்றை அவ்வப்போது மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டதாகவும், அக்கறை உள்ளவர்கள் அங்கே போய்ப் பார்க்கலாம் என்றும் எழுதுகிறார். சேகரிக்கத் தொடங்கி அப்போது 45 ஆண்டுகள் ஆகியிருந்தன. அடுத்த ஆண்டே இறந்துபோனார். சக்கை என்று நினைத்த ஆள் அதை இப்படிக் கட்டி, ஒப்படைத்து, வந்து பாருங்கள் என்று கதவையும் திறந்து வைக்க மாட்டார்.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், அதே காலத்தில் கதவைப் பூட்டி வைத்திருந்தவர் ஒருவர் பாரிஸில் இருந்தார். பியர் மார்கிரி. கடற்படை, குடியேற்றநாடுகள் அமைச்சகத்தின் ஆவணக் காப்பகத்துக்குப் பொறுப்பாளர். மிசிசிப்பி ஆற்றோடு கடைசி வரை இறங்கி, 1682-ல் அதன் முகத்துவாரத்தில் நின்று அந்த நிலம் முழுவதையும் பிரெஞ்சு அரசருக்கு உரியதென அறிவித்தாரே லா சால், அவரைப் பற்றிய முக்கியமான ஆவணங்கள் மார்கிரியின் கையில் இருந்தன. தானே ஒரு நாள் வெளியிடுவேன் என்று சொல்லி யாருக்கும் காட்டவில்லை. பார்க்மன் நேரில் போய்க் கேட்டும் பலிக்கவில்லை. 1869-ல் அந்த ஆவணங்களைப் பார்க்காமலேயே லா சால் நூலை வெளியிட வேண்டியதாயிற்று.

வேறொருவராக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார். இவர் விடவில்லை. மார்கிரியின் தொகுப்பை அச்சுக்குக் கொண்டுவர அமெரிக்க நாடாளுமன்றம் உதவ வேண்டும் என்று ஆள்பிடித்து அலைந்தார். 1873-ல் நாடாளுமன்றம் 10,000 டாலர் ஒதுக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் தொகுதிகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கி மொத்தம் ஆறு வந்தன. பார்க்மன் உட்கார்ந்து தன் நூலைத் திருத்தினார். 1879-ல் அது லா சாலின் பெயரையே தலைப்பில் தாங்கி மறுபடி வந்தது. பத்து ஆண்டுகளாக விற்றுக்கொண்டிருந்த தன் புத்தகத்தைத் தானே பிரித்து மறுபடி தைத்த அந்தச் செயலுக்காகவே எனக்கு அவர்மேல் மரியாதை.

சரி, கண் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நெடுநேரம் உட்கார வைத்த கேள்வி இதுதான்.

1865-ல் வந்த முதல் நூலின் முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார்: தொடர்ந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் படிக்கவோ எழுதவோ கண் விட்டதில்லை, பல சமயங்களில் அதுவும் இல்லை. ஒளி பட்டால் வலி. தலையிலும் ஓயாத உபாதை. அதனால் ஒரு மரச்சட்டம் செய்யச் சொன்னார். கடிதத்தாள் அளவு. அதன் குறுக்கே அரை அங்குலத்துக்கு ஒன்றாகக் கனமான கம்பிகள். பின்னால் கழற்றி மாட்டும் ஓர் அட்டை. அட்டைக்கும் கம்பிக்கும் நடுவே தாளைச் செருகி, கண்ணை மூடிக்கொண்டு, கம்பியைத் தடவியபடி கருப்புக் கரிக்கோலால் எழுதினார்.

இதைப் படித்த அன்று நானும் கண்ணை மூடி, ஸ்கேலை வரிக்கு வரி நகர்த்தி எழுதிப் பார்த்தேன். நான்காவது வரியில் ஸ்கேல் நழுவியது. மேல்வரியின் ‘ழ’ வாலின்மேல் கீழ்வரியின் ‘கி’ ஏறி உட்கார்ந்துகொண்டது. எழுதி முடித்த எனக்கே அதைப் படிக்க முடியவில்லை. அந்தக் கம்பிகள் எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது.

இந்த ஏழு நூல் வரிசைக்கு முன்பே வந்த அவருடைய முதல் வரலாற்று நூல், பூர்வகுடித் தலைவர் பான்டியாக்கின் போரைப் பற்றியது. 1851-ல் வெளியானது. அதை எழுதத் தொடங்கியபோது ஆவணங்களைப் பிறர் வாசிக்கக் கேட்டார். அரைமணிக்கு மேல் கேட்டால் உடம்பு தாங்காது. பல நாட்கள் அதுவும் முடியாது. கேட்டதைக் கண்மூடிக் குறிப்பெடுப்பார். அந்தக் கிறுக்கலை வேறொருவர் எழுத்துக்கூட்டி, மனதில் பதியும் வரை திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டுவார். முதல் ஆறு மாதத்தில் நாளொன்றுக்குச் சராசரி ஆறு வரி. பிறகு உடம்பு கொஞ்சம் தேறி, அரையிருட்டான பெரிய பரணில் நடந்துகொண்டே மனதில் வாக்கியம் அமைத்தார். வீட்டிலிருந்த உறவினர்கள் அவர் சொல்லச் சொல்ல எழுதினார்கள்.

வாசித்தவர்களிலும் எழுதியவர்களிலும் பலர் பெண்கள். சில சமயம் பள்ளிப் படிப்பு மட்டும் படித்த, தாய்மொழி தவிர வேறு மொழி தெரியாத ஒரு பெண் பிறமொழி ஆவணங்களை அவருக்கு வாசித்திருக்கிறார். பொருள் தெரியாமல் அந்தப் பெண் உச்சரிக்க, அதிலிருந்து வாக்கியத்தை இவர் காதால் மீட்டெடுக்க வேண்டும். புத்தகத்தின் தலைப்புப் பக்கத்தில் ஒரு பெயர்தான் இருக்கிறது. இத்தனை பேர் குரலும் கையும் அந்தப் புத்தகத்தில் இருப்பது அவர் விட்டுச்சென்ற கடிதங்கள் வழியாகத்தான் நமக்குத் தெரிகிறது.

இப்போது உங்கள் நெறியாளரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள். பாரிஸிலோ லண்டனிலோ இருக்கும் மூல ஆவணத்தை ஒருவர் நகலெடுக்கிறார். அந்த நகல் பாஸ்டனுக்கு வருகிறது. இன்னொருவர் அதை வாசிக்கிறார். பார்க்மன் கேட்டு, குறிப்பெடுத்து, மனதில் கோத்துச் சொல்கிறார். மூன்றாமவர் எழுதுகிறார். பிழை எந்தக் கண்ணியிலும் நுழையலாம். அச்சுப் புத்தகத்தில் அந்தக் கண்ணிகளில் ஒன்றுகூடத் தெரியாது. ஓடும் நதி மாதிரியான உரைநடை எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. அந்த 70 தொகுதிகளைப் பிரித்தால்தான் ஒவ்வொரு கண்ணியாகத் தொட்டுப் பார்க்கலாம்.

பூர்வகுடிகளைப் பற்றிய உங்கள் கசப்பு எனக்கும் உண்டு. ‘காட்டுமிராண்டி’ என்ற சொல்லை அவர் கூசாமல் எழுதுகிறார். அந்த மக்கள் அழியப் பிறந்தவர்கள் என்று தீர்ப்பு எழுதிவிட்டுத்தான் கதையையே தொடங்குகிறார். காலம் அப்படி என்று சொல்லி இதை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அந்தத் தீர்ப்பை வெறும் கண்டனத்தால் அசைக்க முடியவில்லை. பிரான்சிஸ் ஜென்னிங்ஸ் என்ற வரலாற்றாசிரியர் 1963-ல், பார்க்மன் எழுதியதையும் அவர் ஆதாரம் காட்டிய ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே வளைத்தார், எதை விட்டார் என்று காட்டினார். அதற்கப்புறம் பார்க்மனை யாரும் பழைய மாதிரி படிக்க முடியவில்லை. ஆவணம் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால்தான் அப்படி ஒரு வழக்கு நடத்த முடியும். உங்கள் கசப்பு நியாயம் என்று காட்டவே காகிதம் வேண்டும். நமக்குப் பிடிக்காத அறிஞரின் தாள்களைக் கூடுதல் கவனத்தோடு பாதுகாக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

எங்கே தொடங்கலாம் என்று கேட்டீர்கள். நாட்குறிப்புகளில் தொடங்குங்கள். 1846-ல், கல்லூரி முடித்த இளைஞராக, ஒன்றுவிட்ட சகோதரர் குவின்சி ஷாவோடு மேற்குச் சமவெளிக்குப் போய், ஓக்லாலா என்ற பூர்வகுடி மக்களோடு சில வாரங்கள் தங்கினார். அப்போது எழுதிய சிறு குறிப்பேடுகள் பின்னாளில் எங்கே போயின என்று தெரியாமல் இருந்தது. 1940-ல் மேசன் வேட் என்ற ஆய்வாளர் பாஸ்டன் செஸ்ட்னட் தெருவிலுள்ள பார்க்மன் வீட்டுக்குப் போனார். அவை பார்க்மனின் எழுத்து மேசைக்குள் கிடந்தன! இறந்து 47 ஆண்டுகள் கழித்து. 1947-ல் இரண்டு தொகுதிகளாக அச்சாயின. அதே பயணத்தைப் பற்றி அவர் எழுதிய ஓரிகன் பாதை நூல் எளிதில் கிடைக்கும். அந்த நூல் அச்சுக்குப் போகும் முன் நண்பர் சார்ல்ஸ் எலியட் நார்ட்டன் படி பார்த்து, கரடுமுரடான இடங்களைச் சீவிவிட்டார். ஏதாவது ஒரு நாளை எடுத்துக்கொண்டு இரண்டிலும் படியுங்கள். குறிப்பேட்டில் அரைகுறை வாக்கியங்கள்: தூசி, மழை, சாப்பாடு, எரிச்சல். புத்தகத்தில் அதே நாள் சீவி முடித்து, பூச்சூடி வந்து நிற்கும்.

அடுத்து, ஜார்ஜ் எல்லிஸ் என்ற பாதிரியார் நண்பருக்கு பார்க்மன் எழுதிய நீண்ட கடிதம். தான் இறந்த பிறகே பிரிக்க வேண்டும் என்று கொடுத்து வைத்தது. கம்பிச் சட்டம், ஆறு வரிக் கணக்கு, பொருள் தெரியாமல் வாசித்த பெண், எல்லாம் அதிலிருந்துதான் நமக்குத் தெரியவந்தன. படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தன் உடம்பைப் பற்றி, தன் வாழ்க்கையைப் பற்றி, தன் நண்பருக்கு எழுதும் அந்தக் கடிதத்தில், தன் கதையைச் சொல்லும்போது அவர் ‘நான்’ என்று எழுதவில்லை. தன்னை ‘அவர்’ என்றே குறிப்பிடுகிறார்.

அன்புடன்.