ஸ்பேனர் யார் வீட்டில் இருக்கும்?

நம் வட்டாரத்துப் பிள்ளைகள் சிலர் கிராமங்களில் குடிநீர் வேலைக்குத் தொண்டர்களாகக் கிளம்பியிருக்கிறார்கள். அவர்களும் அக்கம்பக்கத்தவர்களும் கேட்ட கேள்விகளை என்னிடம் தள்ளிவிட்டார்கள். நான் மணலியில் பம்பு ஃபிட்டராக இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகு பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் அடி பம்பு பழுது பார்ப்பவர்களோடு சுற்றியதில் கற்றதுதான் இதெல்லாம்.

கொருக்குப்பேட்டை மாணவர்: அண்ணா, 40 பேர் இரண்டு நாள் முகாம் போகிறோம். காசு சேர்த்து ஓர் அடி பம்பு போட்டுத் தரலாம் என்று யோசனை. சரிதானே?

போடலாம் தம்பி. மூன்றாம் வருஷம் அதை யார் பழுது பார்ப்பார்கள், அதை முதலில் சொல்லுங்கள்.

கிராமங்களில் நாம் பார்க்கும் பம்பு பெரும்பாலும் இந்தியா மார்க் டூ. 1970களில் யுனிசெஃப் உதவியோடு உருவானது. அதைத் தயாரித்ததில் நம் சென்னையில் இருந்த ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் ஆலைக்குப் பெரிய பங்கு உண்டு. முரட்டு உழைப்பு உழைக்கும். சிக்கல் பூமிக்குள் இருக்கிறது. சிலிண்டரில் வாஷர் தேய்ந்தால், 30 மீட்டர் ஆழமானாலும் பைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே எடுத்தாக வேண்டும். அதற்குப் பைப்பைத் தூக்க மூன்று கால் தாங்கி வேண்டும், நாலைந்து ஆள் வேண்டும், அரை நாள் போகும். பிறகு வந்த மார்க் த்ரீயில் பைப்பை அகலமாக்கி, அதை அசைக்காமல் பிஸ்டனை மட்டும் உருவி எடுக்கும்படி செய்தது இந்தத் தொல்லைக்காகத்தான்.

உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வாஷர் இல்லாமல் ஒரு வருஷம் சும்மா நின்ற பம்பை நான் பார்த்திருக்கிறேன். அதன் மேடையில் திறந்து வைத்தவர்கள் பெயர் பொறித்த கல் மட்டும் பளிச்சென்று இருந்தது. அதனால் புதுப் பம்பு வேண்டாம். ஊரில் இரண்டு பேருக்கு, அதில் ஒருவராவது பெண்ணாக, பழுது பார்க்கப் பழக்கிவிடுங்கள். ஸ்பேனர் செட்டும் வாஷரும் அவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

எண்ணூர் மீனவப் பெண்: மீஞ்சூர் பக்கம் எங்கள் சொந்தக்காரர் ஊரில் தண்ணீர் கரிக்கிறது. இன்னும் ஆழமாக போர் போட்டால் நல்ல தண்ணீர் வருமா?

வராது அம்மா, உப்புதான் கூடும். கடலோரத்தில் நல்ல தண்ணீர் கனம் குறைவு என்பதால் உப்புத் தண்ணீர் மேல் மிதந்துகொண்டிருக்கும். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பழைய கணக்கு. மேலே ஒரு அடியை இறைத்துத் தீர்த்தால் கீழே 40 அடி உப்பு ஏறிவிடும். ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகையில் நகரத்துக்கும் ஆலைகளுக்கும் விவசாயத்துக்கும் பல பத்தாண்டு இறைத்ததில் மீஞ்சூரில் நடந்தது இதுதான். கடல் தண்ணீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. அதே பக்கத்தில், காட்டுப்பள்ளியில், கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலையை 2010இல் திறந்து தினம் 10 கோடி லிட்டர் எடுக்க ஏற்பாடு செய்ததை என்னவென்று சொல்ல!

உங்கள் சொந்தக்காரர் ஊரில் ஏரி, குளத்தைத் தூர் வாரி மழைத் தண்ணீரை இறக்குவதுதான் வழி. ஒரே மழையில் மாறாது, வருஷங்கள் ஆகும். அதுவரை குடிக்க மட்டுமாவது வெளியிலிருந்து தண்ணீர் வேண்டும்.

வியாசர்பாடி இல்லத்தரசி: கொதிக்க வைத்தால் எல்லாத் தண்ணீரும் சுத்தமாகிவிடும்தானே?

கிருமி சாகும். ஃப்ளோரைடு, ஆர்சனிக் போகாது. தண்ணீர் ஆவியாகி வற்ற வற்ற அவை இன்னும் அடர்த்தியாகும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃப்ளோரைடால் பல் கறையேறியவர்களும் எலும்பு பாதித்தவர்களும் உண்டு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. அங்கே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான்.

தொண்டு செய்யப் போகிறவர்கள் வங்கதேசக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். குளத்துத் தண்ணீரில் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் சாகிறார்களே என்று 1970களிலிருந்து லட்சக்கணக்கில் குழாய்க் கிணறு இறக்கினார்கள். நல்ல மனசோடு செய்ததுதான். அந்தத் தண்ணீரில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருப்பது 1993இல்தான் அங்கே தெரியவந்தது. யாரும் அதற்குப் பரிசோதிக்கவே இல்லை.

தண்டையார்பேட்டை கடைக்காரர்: டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்தால் போதாதா?

அது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவை மட்டும் சொல்லும். சாக்கடை கலந்த தண்ணீரும் அதில் நல்ல பேர் வாங்கிவிடும். கிருமிக்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு பாட்டில் சோதனை இருக்கிறது. தண்ணீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வையுங்கள். கறுத்தால் மலம் கலந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். கறுத்த பாட்டிலைக் கிராமத்துப் பெண்களிடம் காட்டினால் நம் பேச்சே தேவையில்லை.

கொடுங்கையூர் மாணவி: தொட்டிக்கு ப்ளீச்சிங் பவுடர் எவ்வளவு?

25 சதவீதம் குளோரின் உள்ள பவுடர் என்றால் 1,000 லிட்டருக்கு 4 கிராம், லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குளோரின் கணக்கு. வாளியில் கரைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றி, அரை மணி நேரமாவது விடுங்கள். கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும். திறந்து வைத்த மூட்டை வீரியம் இழந்துவிடும். கைப்பிடி கணக்கில் போட்டுவிடாதீர்கள். ஓர் ஊரில் எங்கள் ஆளே அப்படிப் போட்டு, நாற்றம் தாங்காமல் ஊரே பழைய குட்டைக்குத் திரும்பிவிட்டது. மறுபடி நம்ப வைக்க இரண்டு மாதம் ஆனது.

ராயபுரம் ஆசிரியர்: ஜல் ஜீவன் குழாய்தான் வந்துவிட்டதே, இனி தொண்டர் எதற்கு?

கிராமத்து வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் தர மத்திய அரசு 2019இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் இலக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். குழாய் இருப்பது வேறு, தண்ணீர் வருவது வேறு என்று நம் தெருவில் குடம் வைத்து நின்றவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை சார். அந்தத் திட்டத்திலேயே ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி தர இடம் இருக்கிறது. போகிற ஊரில் அந்த ஐந்து பேர் யார், சோதனை கிட் கையில் இருக்கிறதா என்று கேட்டாலே பாதி வேலை.

பழைய வண்ணாரப்பேட்டை இளைஞர்: குழாயை எங்கே வைப்பது என்று யாரைக் கேட்பது?

தண்ணீர் தூக்குகிறவர்களை. தலைவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முடிவெடுத்த தப்பை நானும் செய்திருக்கிறேன். ஊருக்கும் காலனிக்கும் நடுவில்தானே என்று நினைத்து ஒரு தொட்டி வைத்தோம். எங்களுக்கு அது நடு. காலனிப் பெண்களுக்கோ, ஊர்க்காரர்கள் பிடித்து முடிக்கும்வரை ஓரமாக நிற்கும் இடம். ஆறு மாதம் கழித்துப் போனபோது ஒரு பாட்டி, "உங்க தொட்டி நல்லாத்தான் இருக்கு, எங்க கொடம்தான் அங்க போறதில்ல" என்றார். பிறகு காலனிக்குள்ளேயே தனிக் குழாய் இழுத்தோம். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

அதே இளைஞர்: அப்படியானால் இந்த முறை நாங்கள் என்னதான் எடுத்துவர வேண்டும்?

பைப் ரெஞ்ச் இருந்தால் இரண்டு, பழைய துணி, நோட்டு ஒன்று. பேனர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை முதல் கும்மிடிப்பூண்டி வண்டிக்கு கொருக்குப்பேட்டை ஸ்டேஷனில் நிற்கிறேன்.